வியாழன் மாலை பவுலிங் லீக்: சமநிலை வந்தால் என்ன செய்கிறார்கள்?

டெட்ராய்ட் புறநகரில் உள்ள ஒரு பவுலிங் அரங்கில் வியாழக்கிழமைதோறும் மாலையில் நடக்கும் கலப்பு லீக்கைப் பற்றியது இந்த மதிப்பீடு. கிரிக்கெட் பந்துவீச்சை நினைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: அறுபது அடி தள்ளி நிற்கும் பத்துப் பின்களைக் கனமான பந்தை உருட்டிச் சாய்க்கும் ஆட்டம் இது. அரங்கின் பிட்சா சுமார், வாடகைக் காலணிகள் அதைவிடச் சுமார், பந்து உருளும் பாதைகளான லேன்களின் பராமரிப்பு மிக நன்று. இவற்றையெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். லீக்கில் சேரும்போது ஒருவரும் கேட்காமல், பருவத்தின் கடைசி வாரங்களில் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு அணிகள் சமமாக முடிந்தால் இந்த லீக் எப்படித் தீர்ப்புச் சொல்கிறது, அந்தத் தீர்ப்பு நியாயமானதா?

அமைப்பு எளிமையானது. அணிக்கு நால்வர், மாலைக்கு மூன்று ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி, மூன்றின் கூட்டுத்தொகைக்கு ஒரு புள்ளி என வாரத்துக்கு நான்கு புள்ளிகள் உண்டு. வாரக் கட்டணமான 22 டாலரில் ஒரு பகுதி பரிசு நிதிக்குச் செல்கிறது. செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பருவத்தை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் முதலிடம் பெற்ற அணிகளைக் கடைசி வாரத்தில் மோதவிடுகிறார்கள். 2005-இல் பழைய அமைப்புகள் ஒன்றிணைந்து உருவான யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸின் சான்றிதழ் பெற்ற லீக் இது. அணித் தலைவர்களே இதன் இயக்குநர் குழு. விதிகளை மாற்றுவதும் அவர்கள் வாக்குதான்.

திறமை வேறுபாட்டை ஈடுகட்டக் கூடுதல் பின்கள் தரும் ஹேண்டிகேப் முறையைப் புரிந்துகொள்ளாமல் சமநிலையைப் பற்றிப் பேச முடியாது. ஒருவரின் சராசரியை 220-இலிருந்து கழித்து, வரும் எண்ணில் 90 விழுக்காட்டை அவருக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் கூடுதலாகத் தருகிறார்கள். சராசரி 200 உள்ளவருக்கு 18 பின், 150 உள்ளவருக்கு 63 பின். பின்னம் வந்தால் அதை விட்டுவிடுவது வழக்கம் என்பதால், 178 சராசரிக்கு 37.8 என்று கணக்கு வந்தாலும் கையில் கிடைப்பது 37 மட்டுமே. நால்வருக்கும் இப்படி உதிர்வதைக் கூட்டினால் ஓர் அணி மூன்று பின்களுக்கு மேல்கூட இழக்கக்கூடும். ஆகவே திரையில் நாம் காணும் சமநிலைகளில் சில, பின்னத்தை விட்டதால் பிறந்தவை. எனினும் இந்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான், எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான் என்பதால் இதில் எனக்குக் குறையேதும் இல்லை.

வாராந்தர ஆட்டம் சமநிலையில் முடிந்தால் அணிக்கு அரைப் புள்ளி கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மாலையில் இரண்டாவது ஆட்டம் 834-க்கு 834 என்று நின்றது. எதிரணியின் கடைசி ஆட்டக்காரர் பத்தாவது ஃபிரேமில் (ஓர் ஆட்டத்தின் பத்துச் சுற்றுகளில் கடைசியானது), வலக்கோடியில் ஒற்றையாக நின்ற பத்தாம் பின்னை நூலிழையில் தவறவிட்டதால் வந்த சமநிலை அது. இரு தரப்பிலும் சிலர் ஒரு பந்து உருட்டித் தீர்த்துவிடலாம் என்றார்கள். செயலாளர் விதித்தாளைக் காட்டி மறுத்துவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. முப்பது வாரப் பருவத்தில் ஓர் ஆட்டத்தின் சமநிலை என்பது அப்படியே பதிவாக வேண்டிய ஒரு முடிவு. இருவரும் சமமாக ஆடினார்கள் என்றால், சமமாக ஆடினார்கள் என்றே எழுதிவைப்பதில் என்ன குறை?

ஆனால் பாதிப் பருவத்தின் முதலிடத்தை அப்படிப் பங்கிட முடியாது; இறுதி மோதலுக்கு ஓர் அணிதான் போக முடியும். இந்த இடத்தில்தான் லீக்கின் விதி பாராட்டத்தக்கது. சமநிலையில் உள்ள இரு அணிகளின் நால்வரும் ஒன்பதாவது, பத்தாவது ஃபிரேம்களை மட்டும் மீண்டும் ஆட வேண்டும். அவரவர் ஹேண்டிகேப்பில் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கப்படும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் தொலைக்காட்சிப் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நீட்டி முழக்குவதாகத் தோன்றலாம், ஏனெனில் அங்கே ஒரே பந்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் அங்கே ஆடுகிற இருவருமே ஹேண்டிகேப் இல்லாத சமமானவர்கள். எங்கள் லீக்கில் ஒரே பந்து என்று வைத்தால், 150 சராசரிக்காரருக்கும் 200 சராசரிக்காரருக்கும் இடையேயுள்ள 45 பின் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்காக நாலரைப் பின்னை அந்த ஒரு பந்துக்கே கொடுக்க வேண்டியிருக்கும். நல்ல ஆட்டக்காரர் பத்தையும் சாய்த்தாலும், எதிரில் இருப்பவர் ஆறு பின் சாய்த்தால் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஹேண்டிகேப்பே கொடுக்காமல் விட்டாலோ, பருவம் முழுக்க ஒரு முறையில் ஆடிவிட்டு முடிவை மட்டும் வேறொரு முறையில் எடுத்ததாகும்.

ஒரே பந்து போதாததற்குக் காரணம் இதுதான்: பவுலிங்கில் திறமையின் பெரும்பகுதி முதல் பந்தில் தெரிவதில்லை. மிச்சம் நிற்கும் பின்களை இரண்டாவது பந்தில் எடுத்து ஸ்பேர் ஆக்குவதிலும், முதல் பந்திலேயே பத்தையும் சாய்க்கும் ஸ்ட்ரைக்குகள் அடுத்தடுத்து வந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடுதல் மதிப்புச் சேர்ப்பதிலும்தான் 150-க்கும் 200-க்கும் உள்ள தூரம் உருவாகிறது. ஒன்பதாவது, பத்தாவது ஃபிரேம்களை ஆடும்போது இந்தக் கூடுதல் மதிப்புகள் முழுமையாக இயங்குகின்றன. எல்லாமே ஸ்ட்ரைக் என்றால், ஓர் ஆட்டத்தின் உச்ச மதிப்பெண்ணான முந்நூறில் சரியாக ஐந்தில் ஒரு பங்காகிய 60 கிடைக்கும். ஆகையால் ஐந்தில் ஒரு பங்கு ஹேண்டிகேப் என்பது கையில் வந்த எண்ணைப் போட்டதல்ல, கணக்குப் பார்த்து வைத்தது.

லேன் தேர்விலும் இதே கவனம் தெரிகிறது. மூன்று ஆட்டங்கள் முடிந்த லேனில், அதன்மேல் பூசியிருக்கும் எண்ணெய் ஒரே சீராக இருக்காது. வலக்கையர் பெரும்பான்மையாக ஆடுவதால் வலப்புறம் எண்ணெய் விலகி வறண்டிருக்க, இடப்புறம் பெரும்பாலும் தொடப்படாமல் கிடக்கும். ஓர் அணியில் இரண்டு இடக்கையர் இருந்தால், அந்த லேனிலேயே மறுஆட்டம் வைப்பது அவர்களுக்கு வெகுமதி கொடுப்பதற்குச் சமம். இங்கே அன்று மாலை யாரும் ஆடாத ஒரு ஜோடி லேனில், ஒரு ஃபிரேமை இடது லேனிலும் மற்றதை வலது லேனிலுமாக எல்லோரையும் ஆடவைக்கிறார்கள். முன்பயிற்சிக்கு ஆளுக்கு இரண்டு பந்துகள் தருகிறார்கள். இன்னும் இரண்டு கூட்டினால் நன்று.

இவ்வளவு யோசித்தவர்கள் ஒரு விதியில் மட்டும் எப்படிச் சறுக்கினார்கள் என்பது வியப்புத்தான். இரண்டு பாதிகளையும் ஒரே அணி வென்றுவிட்டால், மொத்தப் புள்ளிகளில் அதற்கு அடுத்த அணி இறுதி மோதலுக்கு வரும். அந்த இரண்டாமிடத்துக்குச் சமநிலை வந்தால் ஹேண்டிகேப் சேர்க்காத மொத்தப் பின்கள் யாருக்கு அதிகம் என்று பார்க்கிறார்கள். நால்வரும் 190 அடிக்கும் அணியையும் நால்வரும் 150 அடிக்கும் அணியையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மாலைக்கே 480 பின் வித்தியாசம் வந்துவிடும். அதாவது இந்தத் தீர்ப்பு செப்டம்பரில் முதல் பந்து உருளும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஐம்பது ஓவரிலும் சூப்பர் ஓவரிலும் சமமாக நின்றபோது, பவுண்டரிகளை எண்ணி 26-க்கு 17 என்று கோப்பையைக் கொடுத்தார்களே, அதை எத்தனை பேர் ஏற்றுக்கொண்டோம்? அந்த ஆண்டு முடிவதற்குள் ஐ.சி.சி. அந்த விதியைக் கைவிட்டது.

ஹேண்டிகேப் சேர்த்த மொத்தத்தைப் பார்த்தால் போதாதா என்று ஓர் அணித் தலைவர் கேட்டார். ஓரளவு தேவலாம், ஆனால் 90 விழுக்காடுதான் ஈடுசெய்யப்படுவதால், மேற்சொன்ன 480-இல் 48 பின் வலிய அணியின் பக்கமே தங்கிவிடுகிறது. இரு அணிகளும் பருவத்தில் நேருக்கு நேர் மோதிய வாரங்களில் யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று முதலில் பார்த்து, அதுவும் சமமானால் மேலே சொன்ன இரண்டு ஃபிரேம் மறுஆட்டத்துக்குப் போவதுதான் முறை. கையில் நல்ல விதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதை இங்கேயும் பயன்படுத்தினால் போதும்.

பிற இடங்களுக்குச் சமநிலை வந்தால், எடுத்துக்காட்டாக ஐந்தாம் பரிசையும் ஆறாம் பரிசையும் கூட்டிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சண்டையில்லாத ஏற்பாடு. வராத உறுப்பினருக்கு அவர் சராசரியில் பத்து குறைத்துப் பதிவு செய்யும் வழக்கம் மறுஆட்டத்துக்கும் பொருந்துமா என்பதை விதித்தாள் சொல்லவில்லை. அதை எழுத்தில் சேர்க்க வேண்டும், ஏனெனில் ஏப்ரலில் ஒருவர் ஊருக்குக் கிளம்பிவிடுவது நம்மவர் அணிகளில் நிச்சயம் நடக்கக்கூடியது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த மொத்தப் பின் விதிக்காக மட்டுமே. அடுத்த பருவத்துக்கான கூட்டம் ஆகஸ்ட் இறுதியில் நடக்கும். சேர விரும்புவோர் அணித் தலைவரை அனுப்பாமல் இருந்துவிட வேண்டாம், விதிகளுக்கான வாக்கெடுப்பு அன்றைக்குத்தான். அப்படியே சொந்தக் காலணி ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வாருங்கள்.