அண்ணன் போன காட்டி தம்பி போன தலையில கட்டிட்டாங்க, நீங்களாவது உஷாரா இருங்க

புது போன் வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க, ரொம்ப மனசு நொந்துதான் எழுதுறேன்.

எங்க அக்கா பையன் இப்பதான் தத்தி தத்தி நடக்க ஆரம்பிச்சிருக்கான், அவன வீடியோ எடுக்கணும்னுதான் நான் போனே மாத்துனேன். கேம் எல்லாம் ஆடுற ஆள் இல்ல. கடையில போனதும் தெளிவா சொன்னேன், சாயங்காலம் வீட்டு லைட்டுல எடுத்தாலும் வீடியோ ஆடக்கூடாதுன்னு. சேல்ஸ்ல இருந்த தம்பி கவுண்டர்ல சார்ஜ்ல கெடந்த டெமோ போன எடுத்து, நடந்துகிட்டே வீடியோ எடுத்து காட்டுனார், அலுங்காம குலுங்காம அவ்ளோ அழகா வந்துச்சு. இதையே குடுங்கன்னேன். "சார் இது டாப் மாடல், இதே சீரிஸ்ல சின்னது ஒண்ணு இருக்கு, வெல ரொம்ப கம்மி, கேமரா ரெண்டுலயும் ஒண்ணுதான், அதே 50 மெகாபிக்சல். சிப்பு, வயர்லெஸ் சார்ஜிங், பின்னாடி கண்ணாடி, இது மட்டும்தான் மாறும்"னார். எனக்கு அது மூணுமே வேணாம், சரின்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அன்னைக்கு சாயங்காலமே பையன் நாலு எட்டு சேர்ந்தாப்ல நடந்தான், எடுத்தேன், போட்டு பாத்தா மூஞ்சி கலங்கலா இருக்கு, ஒவ்வொரு அடிக்கும் படம் தூக்கித் தூக்கிப் போடுது. மொதல்ல என் கைதான் ஆடுதுன்னு நெனச்சேன். அப்புறம் கம்பெனி சைட்ல ரெண்டு மாடல் ஸ்பெக்கையும் வரிக்கு வரி வச்சு பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது.

50 மெகாபிக்சல்ங்கறது ரெண்டுலயும் உண்மைதான், ஆனா வெளிச்சத்த வாங்கி படமாக்குற சென்சார் வேற. பெருசுல 1/1.56 இன்ச், ஒரு பிக்சல் 1 மைக்ரான். என்னோடதுல 1/2.76 இன்ச், பிக்சல் 0.64 மைக்ரான். பரப்பளவு கணக்கு போட்டா ஒவ்வொரு பிக்சலுக்கும் கெடைக்கிற வெளிச்சத்துல கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வித்தியாசம், இத எப்படிங்க ஒரே கேமரான்னு சொல்ல மனசு வருது?

அதவிட பெருசு ஓஐஎஸ், அதாவது கை ஆடுனாலும் படம் ஆடாம பாத்துக்கற வசதி. பெரிய மாடல்ல கை ஆடுறதுக்கு ஏத்த மாதிரி லென்ஸே நகர்ந்து சரி பண்ணும், என்னோடதுல அது இல்லவே இல்ல, சாஃப்ட்வேர்தான் ஓரத்த வெட்டிட்டு ஃப்ரேம்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாக்குது, அதுவும் 1080பில மட்டும்தான், 4கேல அதுவும் கெடையாது. வெளிச்சம் கம்மியான எடத்துல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஷட்டர் ரொம்ப நேரம் தொறந்திருக்கும், அந்த நேரத்துல கை ஆடுனா அந்த ஃப்ரேமே கலங்கிடும், கலங்குனத சாஃப்ட்வேர் எத்தன பொருத்துனாலும் தெளிவாக்க முடியாது. கடையில சுத்தி அவ்ளோ லைட்டு போட்டு வச்சிருக்கற எடத்துல எந்த போனும் நல்லாதான் எடுக்கும், வீட்டுக்கு வந்தாதான் சாயம் வெளுக்கும்.

இன்னும் இருக்கு. ரெண்டு போன்லயும் பின்னாடி மூணு கேமரான்னு கடையில பெருமையா சொன்னாங்க, ஆனா பெருசுல மூணாவது தூரத்துல இருக்கறத கிட்ட காட்டுற டெலிஃபோட்டோ, என்னோடதுல ரொம்ப கிட்ட வச்சு எடுக்குற 2 மெகாபிக்சல் மேக்ரோ, எண்ணிக்கைக்காக ஒட்ட வச்சது, நான் அத தொட்டதே இல்ல. டைப் சி போர்ட்டு பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள யூஎஸ்பி 2.0, அதிகபட்சமே செகண்டுக்கு 480 மெகாபிட்தான். 40 ஜிபி வீடியோவ லேப்டாப்புக்கு மாத்த கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. தண்ணி விஷயமும் அப்படித்தான், பெருசு கொஞ்ச நேரம் தண்ணில முங்குனாலும் தாங்குற ஐபி68, என்னோடது ஐபி54, அதாவது மேல தெறிச்சா தாங்கும், முங்குனா உத்தரவாதம் இல்ல.

மறுநாளே கடைக்கு போனேன். பாக்ஸ் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கெடையாதுன்னுட்டாங்க. நீங்க காட்டுனது வேற போனுன்னு சொன்னா, "ஸ்பெக் சைட்லயே இருக்கே சார், பாத்திருக்கலாமே"ங்கறாங்க. நேத்து வாய் நெறைய ஒரே கேமரான்னு சொன்ன அதே ஆளு. கஸ்டமர் கேர்லயும் போன்ல குறை எதுவும் இல்லன்னு முடிச்சுட்டாங்க. குறை இல்லதான், நியாயமா சொல்லணும்னா பேட்டரி ஒன்றரை நாள் நிக்குது, பகல்ல போட்டோ நல்லா வருது, பேச பாக்க இதுவே தாராளம். இது இதுதான்னு சொல்லி வித்திருந்தா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

அதனால கடையில டெமோ காட்டுனா உடனே செட்டிங்ஸ்ல அபௌட் போன் போய் மாடல் நம்பர பாருங்க, நீங்க வாங்கப்போற பாக்ஸ் ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஒரு எழுத்து மாறுனாலும் அது வேற போனா இருக்கலாம், கேட்டு தெளிவாக்கிக்கங்க. வாங்கப்போற மாடல்லயே, கடையில கொஞ்சம் இருட்டா இருக்கற மூலையில நடந்துகிட்டே ஒரு வீடியோ எடுத்து காட்ட சொல்லுங்க. ஓஐஎஸ் இருக்கு, கேமரா ஒண்ணுதான்னு வாயால சொன்னா பில்லுல எழுதி கேளுங்க, எழுத தயங்குனா அங்கயே பதில் தெரிஞ்சிடும்.

கடைக்கும் கம்பெனிக்கும் பில்லோட சேத்து எழுத்துல புகார் அனுப்பியிருக்கேன், பதில் வந்தா அப்டேட் பண்றேன். பையன் இப்ப ஓடவே ஆரம்பிச்சுட்டான், அக்காவோட பழைய போன வாங்கிதான் எடுத்துட்டு இருக்கேன்.