சம்பங்கோரையை எப்போது அறுப்பது: ஆகஸ்டிலா, பனி உறைந்த பிறகா?

கனடாவின் வின்னிபெக் ஏரி கோடைதோறும் பாசி படர்ந்து பச்சையாவதற்கு முதற்காரணம் பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்து. அதில் பெரும்பங்கை, அமெரிக்க வயல்வெளிகளில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடிவரும் ரெட் ஆறு கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த ஆறு ஏரியில் கலக்கும் நெட்லி-லிபா சதுப்பில் ஆளுயரத்துக்கு மேல் மண்டிக்கிடக்கும் சம்பங்கோரையை அறுத்து எரிபொருளாக்கினால் ஏரிக்குப் போகும் சத்தும் குறையுமா என்று, நீடித்த வளர்ச்சிக்கான பன்னாட்டு நிறுவனம் ஆராய்ந்தது. குறையும், ஆனால் எந்த மாதத்தில் அறுக்கிறோம் என்பதைப் பொறுத்தே குறையும்.

கோடையின் கடைசியில், கம்பங்கதிர் போன்ற பழுப்புப் பூங்கதிர் முற்றிவரும் வேளையில், செடி உறிஞ்சிய மணிச்சத்தில் கணிசமான பங்கு தாளிலும் தண்டிலும் இருக்கிறது. அப்போது அறுத்துக் கரையேற்றினால் சத்தும் கூடவே வெளியேறிவிடும். அது எரிந்தும் போவதில்லை. சாம்பலில் தங்கிவிடுவதால் வயலுக்கே திருப்பி அனுப்பலாம். தொல்லையெல்லாம் ஈரத்தில்தான்: பச்சைத் தாளின் எடையில் பெரும்பகுதி தண்ணீர், சேற்றில் சாதாரண டிராக்டர் புதையும், உலர்த்த இடமும் வெயிலும் வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டால், தண்டு வழியாகக் காற்று பெறும் கிழங்கு மூச்சுமுட்டி அழுகிப்போகும்.

குளிர்கால அறுவடையில் இத்தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. உறைந்த சதுப்பு எந்திரத்தைத் தாங்கும். தாள் நின்றபடியே காய்ந்திருக்கும். கொதிகலனில் சாம்பலை உருக்கிக் கெட்டிக் கட்டியாக ஒட்டவைக்கும் பொட்டாசியத்தை (அதற்குச் சாம்பல்சத்து என்று பெயர் வைத்தவர் யாரோ!) மழையும் பனியும் பெருமளவு கழுவியிருக்கும். ஆனால் அதற்குள் செடி மணிச்சத்தில் ஒரு பங்கைக் கிழங்குக்குள் இறக்கிக்கொண்டுவிடும். எஞ்சியதிலும் ஒரு பகுதி நீரில் கரைந்துபோயிருக்கும். அடுப்புக்கு நல்ல விறகு கிடைக்கும், ஏரிக்கு அவ்வளவாக ஒன்றும் கிடைக்காது.

பச்சையாகவே சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றில் இடலாம் என்பாரும் உண்டு. ஆனால் முற்றிய தாளின் நார் அதில் எளிதில் செரிக்காது. உலர்த்தி எரிப்பதே மிஞ்சும். ஜெர்மனியின் மால்கின் நகரில் 2014 முதல் ஈரப்புல்வெளிக் கோரையையும் புல்லையும் உலர்த்திக் கட்டி எரித்து வீடுகளுக்கு வெப்பம் தருகிறார்கள். ஆகவே உலர்த்துவது ஆகாத காரியமன்று, செலவு பிடிக்கும் காரியம். எரிபொருள் விலை மட்டுமே கையில் வருமானால் எந்த உழவரும் பனிக்காலத்தைத்தான் தேர்வார். அகற்றிய மணிச்சத்துக்கும் கிலோ கணக்கில் அரசு பணம் கொடுத்தால் மட்டுமே ஆகஸ்டு அறுவடை கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு. அப்போதும் சதுப்பு முழுவதையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல், பறவைகள் ஒதுங்கப் பட்டை பட்டையாக விட்டு அறுக்க வேண்டும்.