சின்ன சபைக்கு என்ன சவுண்ட் செட் வாங்கலாம்? மூன்று வழிகள், ஒரு பரிந்துரை

50 அடி நீளம், 25 அடி அகலம். மேலே கான்கிரீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ், கீழே டைல்ஸ், எட்டு ஃபேன், ஞாயிறு காலை நூறு நூற்றிருபது பேர். தமிழ்நாட்டில் சபைக் கமிட்டி சவுண்ட் செட் கேட்டுக் கடையேறும்போது பெரும்பாலும் இந்த அளவு ஹாலுக்குத்தான் கேட்கிறது. கடையில் எடுத்துப் போடுவதோ 15 இஞ்ச் பாக்ஸ் ஒரு ஜோடி, ஆயிரம் வாட் ஆம்ப், கூடவே ஒரு பேஸ் பாக்ஸ். கல்யாண மண்டபத்துக்கு அது பொருந்தும். இந்த ஹாலில் மாட்டினால் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும், பிரசங்கம் கடைசி வரிசைக்குப் புரியாது.

வாட் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். ஓரளவு நல்ல 10 இஞ்ச் பாக்ஸ் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி, 97 டெசிபல் தரும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 50 அடியில், அதாவது 15 மீட்டரில், குறைவது சுமார் 24. ஒரு வாட்டுக்குப் பதில் 20 வாட் கொடுத்தால் கூடுவது 13. ஆக கடைசி பெஞ்சில் 86 டெசிபல் வருகிறது. ஃபேன் இரைச்சலும் பிள்ளைகள் சத்தமும் சேர்ந்து 60 என்று வைத்தாலும் பேச்சுக்கு இது தாராளம். அந்த 20 வாட்டை 40 ஆக்கினால் இன்னும் 3 டெசிபல்தான் கிடைக்கும். ஆயிரம் வாட்டுக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பின்வரிசையில் குறைவது சத்தம் அல்ல, தெளிவுதான். பாக்ஸிலிருந்து கிளம்பும் சத்தம் கூரையிலும் பின்சுவரிலும் டைல்ஸிலும் மோதித் தாமதமாகத் திரும்பி, அடுத்த எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வால்யூமைக் கூட்டினால் மோதுகிற சத்தமும் சேர்ந்தே கூடும். அதனால் இந்த அளவு ஹாலுக்கு ஒரு செட்டை எடைபோடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சத்தத்தை ஆட்கள் காதுக்கு அனுப்புகிறதா, கூரைக்கு அனுப்புகிறதா என்பதுதான்.

முதல் வழி: மிக்ஸர் ஆம்ப், காலம் பாக்ஸ், 100 வோல்ட் லைன்

அஹுஜா என்றாலே திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் ஞாபகம் வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது. அவர்களுடைய 120 அல்லது 160 வாட் மிக்ஸர் ஆம்ப் ஒன்று, சுவரில் மாட்டும் காலம் பாக்ஸ், அதாவது தூண் மாதிரி நீளமான பாக்ஸ், நான்கு. காலம் பாக்ஸில் சின்ன ஸ்பீக்கர்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருப்பதால் சத்தம் பக்கவாட்டில் அகலமாகவும், மேல் கீழாகக் குறுகலாகவும் போகிறது. எதிரொலிக்கிற ஹாலுக்குத் தேவையே அதுதான். சுவரில் இடம் போதவில்லை என்று இதைப் படுக்கவைத்து மாட்டியிருக்கும் சபைகள் உண்டு. அப்போது இந்தக் குணம் அப்படியே தலைகீழாகி, சத்தம் கூரைக்கும் தரைக்கும் விரியும்.

மாட்டும் கணக்கு இப்படி. மேடைப் பக்கம் இரண்டு, ஹாலின் நடுவில், முன் ஜோடியிலிருந்து 25 அடி தள்ளி, இரண்டு. ஆம்பிலிருந்து வரும் 100 வோல்ட் லைனை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி இறக்க ஒவ்வொரு பாக்ஸிலும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் 20, 10, 5 என்று வாட் தெரிவு செய்யும் டேப்புகள் இருக்கும். முன் ஜோடியை 20-லும் நடு ஜோடியை 10-லும் வையுங்கள். மொத்தம் 60 வாட். 120 வாட் ஆம்ப் பாதி பாரத்தில் சூடேறாமல் ஓடும். டேப் வாட்டுகளின் கூட்டுத்தொகை ஆம்பின் வாட்டில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஓம் கணக்கே வேண்டாம். 25 அடி இடைவெளிக்கு சத்தம் எடுத்துக்கொள்ளும் நேரம் 22 மில்லி செகண்ட். காது அதை இரட்டைக் குரலாகப் பிரித்துக் கேட்காது, தாமதிக்கும் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கோளாறு வரும் இடம் ஆம்பின் பின்பக்கம். அங்கே 4 ஓம், 8 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று திருகுகள் வரிசையாக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சாதா 8 ஓம் பாக்ஸை யாராவது 100 வோல்ட் முனையில் கொடுத்துவிட்டால் பாக்ஸ் போகும், அல்லது ஆம்ப் போகும். லைனில் இருக்கிற எல்லா பாக்ஸும் 100 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். ஒன்றைக்கூடக் கலக்கக் கூடாது. பாக்ஸ்களின் பிளஸ், மைனஸ் எல்லாம் ஒரே மாதிரி சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் குரல் மெலிந்து கேட்கும்.

குறையும் உண்டு. இந்த வகையில் பல மாடல்களில் ஒவ்வொரு மைக்குக்கும் வால்யூம் மட்டும்தான் தனி. பேஸும் ட்ரெபிளும் எல்லாவற்றுக்கும் பொது. போதகரின் கனத்த குரலுக்குக் குறைத்தால் பாடுகிற பிள்ளைகளின் குரலும் மெலியும். கீபோர்டு கேட்கும், ஆனால் அடிவயிறு இருக்காது. கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு என்று முழு இசைக்குழு இருக்கிற சபைக்கு இது பத்தாது. பாட்டுப் புத்தகம், ஒரு கீபோர்டு, பிரசங்கம் என்று நடக்கிற ஆராதனைக்கு இதைவிட மலிவாகவும் உழைப்பாகவும் ஒன்றைச் சொல்வது கஷ்டம். சாதாரண டவுனில்கூட ரிப்பேர் பார்க்க ஆள் கிடைப்பார். மற்ற இரண்டு வழிகளுக்கும் அந்த வசதி கிடையாது.

இரண்டாவது வழி: பவர்டு பாக்ஸ் இரண்டு, தனி மிக்ஸர்

இசைக்குழு இருந்தால் இதுதான். யமஹா டிபிஆர்10 போன்ற 10 இஞ்ச் பவர்டு பாக்ஸ் ஒரு ஜோடி, அல்லது ஜேபிஎல் இஆன்710. ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ஓம் பொருத்தம், ஆம்ப் பொருத்தம் என்ற தலைவலி போய்விடும். டிபிஆர்10 பத்தரைக் கிலோதான், சுவர் பிராக்கெட் தாங்கும். அதன் பின்னால் டி-காண்டூர் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை மெயின் பக்கம் வைத்தால் பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகி, கடையில் கேட்க அழகாக இருக்கும். எதிரொலிக்கிற ஹாலில் அதை ஆஃப் செய்து வைப்பதே பேச்சுக்கு நல்லது. 12, 15 இஞ்ச் பக்கம் போக இந்த ஹாலில் காரணமே இல்லை.

மிக்ஸருக்கு யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நிறைய சபைகளில் ஓடுகிறது. நான்கு மைக் போடலாம், ஒவ்வொன்றுக்கும் தனி ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் திருத்தம்), 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டன், எக்கோ உள்ளேயே. வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: இதில் ஆக்ஸ், அதாவது மெயின் பாக்ஸ் தவிர வேறிடத்துக்குத் தனியாகச் சத்தம் அனுப்பும் வழி, ஒன்றுதான், எக்கோவுக்கும் அதுவே. பாடகர் குழு தங்கள் குரலைக் கேட்க மானிட்டர் பாக்ஸ் தனியாக வைக்கிற எண்ணம் இருந்தால் இரண்டு ஆக்ஸ், ஆறு மைக் உள்ள எம்ஜி12எக்ஸ்யூவுக்குப் போவது புத்திசாலித்தனம். இறக்கி ஏற்றும் ஃபேடரும் அதில்தான். 10-இல் வட்டக் குமிழ். வாராவாரம் வேறு வேறு வாலிபர் உட்கார்ந்து இயக்குகிற சபையில் எந்த மைக் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவது பெரிய விஷயம்.

மறைமுகச் செலவு வயரிங்கில் இருக்கிறது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் கரண்ட் பாயின்ட் வேண்டும். அது மிக்ஸர் இருக்கிற அதே லைனிலிருந்து, எர்த்தோடு வர வேண்டும். கொட்டேஷனில் எலக்ட்ரீஷியன் கூலியைச் சேர்க்காத கமிட்டி பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கும்.

மூன்றாவது வழி: பெட்டியோடு வரும் செட்

யமஹா ஸ்டேஜ்பாஸ் 400பிடி, 600பிடி. மிக்ஸர், ஆம்ப், இரண்டு பாக்ஸ், எல்லாம் ஒன்றாக. 400-இல் 8 இஞ்ச், 600-இல் 10 இஞ்ச். வாடகை ஹாலில் கூடி, ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போகிற சபைக்கு இதற்கு ஈடு இல்லை. சொந்தக் கட்டடம் இருந்தால் யோசிக்க வேண்டும்: மிக்ஸர் பகுதி பழுதானால் அன்றைக்கு மொத்த சபைக்கும் மைக் இல்லை.

சக்கரம் வைத்து, கலர் லைட் எரிகிற ட்ராலி ஸ்பீக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வாங்கலாம்.

விலையில் முதல் வழி மைக், வயரோடு அரை லட்சத்தை ஒட்டி முடியும். இரண்டாவது ஒரு லட்சத்தைத் தாண்டும். பில்லோடு வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள்.

மைக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்

போதகர் பேசுகிற ஒரு மைக் நன்றாக இருக்க வேண்டும். ஷ்யூர் எஸ்எம்58 சுமார் பத்தாயிரம் ரூபாய். பல ஆண்டு உழைக்கும். பாதி விலைக்கு யாராவது நீட்டினால் அது போலி. அசல் 298 கிராம் எடை. தராசில் வைத்தால் பல போலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாடகர் குழுவுக்கு பெரிஞ்சர் எக்ஸ்எம்8500 அல்லது அஹுஜாவின் ஏயூடி வரிசை டைனமிக் மைக் போதும்.

பீடத்தில் வளைகிற கூஸ்நெக் மைக் பார்க்க நன்றாக இருக்கும். அது பெரும்பாலும் கண்டென்சர் வகை, மைக் வயர் வழியாகவே மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் கரண்ட் (ஃபாண்டம்) வர வேண்டும். பீடத்துக்கு நேர் மேலே ஃபேன் ஓடினால் பிரசங்கம் முழுக்கப் படபடவென்று காற்று அடிக்கும். ஸ்பாஞ்ச் உறை போட்டு, 80 ஹெர்ட்ஸ் பட்டனை அமுக்கிப் பார்க்கலாம். அப்படியும் போகாவிட்டால் ஃபேனை இரண்டு அடி நகர்த்துவதுதான் வழி.

கார்ட்லெஸ் ஒன்று போதும். அலைவரிசை மாற்ற முடிகிற யூஎச்எஃப் வகையாகப் பாருங்கள். மாற்ற முடியாத மலிவு செட்டில் பக்கத்து மண்டபத்து அறிவிப்பு நம் சபையில் கேட்கும். ரிசீவரை ஆம்புக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், மேடையிலிருந்து ஆன்டெனா கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

எத்தனை மைக் வாங்குகிறோம் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை திறந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். திறந்த மைக் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விசிலடிக்காமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். பிரசங்க நேரத்தில் பாடகர் குழுவின் நான்கு மைக்கும் திறந்தே கிடப்பது, விசிலுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

மாட்டும் உயரம், விசில், உம்மென்ற இரைச்சல்

பாக்ஸ் எதுவானாலும் பேசுகிறவருக்கு முன்னால் இருக்க வேண்டும். பீடத்துக்குப் பின்சுவரில், சிலுவைக்கு இரண்டு பக்கமும் அழகாக மாட்டப்பட்ட பாக்ஸை எந்த ஈக்யூவாலும் காப்பாற்ற முடியாது. உயரம் 7, 8 அடி. முகம் பின்வரிசைக்காரரின் தலையைப் பார்த்துக் கீழே சாய்ந்திருக்கட்டும். பாயில், ஜமக்காளத்தில் உட்காரும் சபையென்றால் இன்னும் கொஞ்சம் சாய்வு வேண்டும்.

செட் பண்ணும் வரிசை: எல்லா ஈக்யூவும் நடுவில், எக்கோ பூஜ்யத்தில். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, பிரசங்கிக்கிற அதே வேகத்தில் பேசவைத்து, கெயினை (மைக் சத்தம் மிக்ஸருக்குள் நுழையும் அளவை) மீட்டர் பூஜ்யத்தைத் தொடும் வரை ஏற்றுங்கள். பிறகுதான் மெயின் வால்யூம். குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் குறையுங்கள். கூர்மையாக விசிலடித்தால் பெரும்பாலும் 2 முதல் 4 ஆயிரம் ஹெர்ட்ஸ். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவர் ஒருவர் இருந்தால் இத்தனையும் வீண். எக்கோ பாட்டுக்கு மட்டும். பிரசங்கம் தொடங்கியதும் அணைக்கப்பட வேண்டும். டைல்ஸ் போட்ட ஹால் ஏற்கெனவே போதுமான எக்கோவைத் தருகிறது.

உம்மென்று இரைந்தால் கீபோர்டு வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கீபோர்டும் மிக்ஸரும் வேறு வேறு லைனில் கரண்ட் எடுக்கின்றன என்று அர்த்தம். ஒரே போர்டில் செருகுங்கள், நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (கீபோர்டை மிக்ஸரோடு இரைச்சலில்லாமல் சேர்க்கும் சின்னப் பெட்டி) போட்டு அதன் கிரவுண்ட் சுவிட்சைத் தூக்குங்கள். ஃபேன் வேகத்தை மாற்றும்போது இரைச்சலின் தன்மையும் மாறினால் குற்றவாளி ரெகுலேட்டர். ஆம்புக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். இரைச்சல் போக பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். எர்த் இல்லாத ஆம்பில் கசிவு வந்தால் ஷாக் முதலில் அடிப்பது மைக்கில் உதடு வைத்திருப்பவரை. பவர் கட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினால் சைன்வேவ் வகை வாங்குங்கள். ஸ்கொயர்வேவில் ஆம்ப் இரையும்.

வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும் என்ற பேச்சு எந்தக் கமிட்டியிலும் வரும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி அதற்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அந்தக் காசில் பின்சுவருக்குக் கனமான திரைச்சீலை தைக்கலாம், உள்ளே தெளிவு கூடும்.

கடைக்காரரிடம் பணம் கட்டும் முன் ஒரு சனிக்கிழமை செட்டை ஹாலுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லா ஃபேனும் ஓடட்டும். 23-ஆம் சங்கீதம் வாசித்து சோதிக்காதீர்கள். பாதி கேட்டாலே மனப்பாடம் மீதியை நிரப்பிவிடும். எஸ்றா 2-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள், பெயரும் எண்ணுமாக இருக்கிறது, யாருக்கும் மனப்பாடம் இருக்காது. கடைசி பெஞ்சில் இரண்டு மூலையிலும் நடுவிலும் மூன்று பேர் பேனாவோடு உட்கார்ந்து கேட்பதை எழுதட்டும். பத்துக்கு இரண்டுக்கு மேல் தவறினால் பாக்ஸின் சாய்வை மாற்றி மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அப்படியும் தவறினால் செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள்.