ஏற்கெனவே வந்த பாட்டா, புதிதாகப் போட்ட இசையா?

சின்ன பட்ஜெட் படத்தில், எடிட்டிங்கின்போது பழைய பாட்டு ஒன்றை ஒட்டிப் பார்த்தால் காட்சி எங்கேயோ போய்விடும், அதில்தான் எல்லாரும் விழுகிறோம். ஆனால் அந்த ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். ஒருவர் சரி என்று சொல்லி மற்றவர் மாட்டேன் என்றால் அவ்வளவுதான். பத்து விநாடிதானே என்கிறீர்களா? இத்தனை விநாடி வரை இலவசம் என்று ஒரு விதியே கிடையாது. திரைப்பட விழாக்களுக்கு மட்டும் என்று மலிவாக உரிமம் வாங்கினால், ஓடிடி வாய்ப்பு வரும்போது மறுபடி பேரம், அப்போது பிடி அவர்கள் கையில்.

புதிதாக இசை போடச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் இசையமைப்பாளர் ஒருவரோடு முடியும். நான் இந்தப் பக்கம்தான். ஆனால் காசு கொடுத்துவிட்டால் இசை நம்முடையது என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் எழுத்தில் மாற்றித் தராதவரை உரிமை இசையமைப்பாளரிடமே இருக்கும். நண்பர்தானே என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கட்டைவிரலோடு விட்டுவிட வேண்டாம். எல்லா ஊடகங்களும், உலகம் முழுக்க, காலவரையின்றி என்று தாளில் வரட்டும். அப்புறம் பாடியவர், வயலின் வாசித்தவர் கையெழுத்தும் வேண்டும். எடிட்டிங்கில் ஒட்டிய அந்தப் பழைய பாட்டைக் காட்டி 'அப்படியே வேண்டும்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மெட்டு நகலாகி வந்து நிற்கும்.