காற்றும் உப்பும் உள்ள ஊருக்கு எந்தக் காம்பாக்ட் கேமரா?

தினமும் கையோடு கொண்டுபோக ஒரு நல்ல காம்பாக்ட் கேமரா வாங்க நினைப்பவருக்கு இன்று கடையில் அதிகத் தெரிவு இல்லை. கைப்பேசி வந்ததும் மலிவு விலைக் கேமராக்கள் சந்தையை விட்டு ஏறக்குறையப் போய்விட்டன. மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் விலை கூடியவை. ஆனால் உண்மையிலேயே நல்லவை. அவற்றில் மூன்றை நான் நீண்ட காலம் எடைபோட்டேன். ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது கேமரா, ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100வி. முதல் இரண்டும் 2019-ல் வந்தவை, மூன்றாவது 2020-ல். கடைசியில் வாங்கியது ஃபூஜியை. ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். நான் வசிப்பது தூத்துக்குடியில். உப்பளமும் கடற்காற்றும் தேரி எனும் செம்மணலும் உள்ள இந்த ஊர்தான் எனக்காக முடிவெடுத்தது என்று சொல்லலாம்.

படத் தரத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. மூன்றுமே நல்ல படம் எடுப்பவை. ரிக்கோவிலும் ஃபூஜியிலும் இருப்பது ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. சோனியில் இருப்பது ஓர் அங்குல வகை. பரப்பளவில் முன்னது பின்னதைப் போல் மூன்று மடங்கு. மாலை மங்கிய பிறகு, மீன் ஏலக்கூடத்தின் மஞ்சள் விளக்கில், அந்த வித்தியாசம் தெரியும். பகல் வெளிச்சத்தில், கைப்பேசித் திரையில் பார்க்கும் படத்தில், தெரியாது.

லென்ஸ் விஷயத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி. ரிக்கோவுக்கு 28 மி.மீ. பார்வை (எண் சிறியதானால் காட்சி அகலும்), எஃப் 2.8 (இது லென்ஸ் துளையின் அளவு; எண் சிறியதானால் துளை பெரிது). ஃபூஜிக்கு 35 மி.மீ. பார்வை, எஃப் 2. இரண்டிலும் ஜூம் கிடையாது. கிட்டத்தில் வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். சோனியில் 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் உண்டு. கோபுரத்தின் மேல்நிலைச் சிற்பம், மேடையில் ஆடும் குழந்தை, உப்பளத்து நீரில் நிற்கும் பூநாரை என்று தொலைவில் உள்ளதை எடுப்பவர் சோனியை வாங்குவதே சரி. ஓடுகிறவரின் கண்ணைப் பற்றிக்கொண்டு குவியத்தை விடாமல் தொடர்வதிலும் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகாது. ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் மட்டுமே அதை நான் கையாண்டிருக்கிறேன். அந்த ஒரு நாளிலேயே அது தெரிந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேமராவை அணைத்தவுடன் அதன் லென்ஸ் எங்கே போகிறது?

ரிக்கோவிலும் சோனியிலும் லென்ஸ் உடலுக்குள் சுருங்கிக்கொள்கிறது. திறந்தால் வெளியே நீள்கிறது. சட்டைப்பையில் வைக்கும் அளவுக்குக் கேமரா தட்டையாக இருப்பது இதனால்தான். ஆனால் குழாய் வெளியே நீளும்போது உள்ளே இடம் கூடுகிறது. கூடிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகிறது. சுருங்கும்போது வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் கேமரா கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல மூச்சு வாங்கி விடுகிறது. அந்த மூச்சில் தூசியும் உள்ளே போகிறது. போன தூசி எல்லாம் திரும்பி வருவதில்லை. சில துகள்கள் சென்சார் மேல் உட்கார்ந்துவிடுகின்றன. தினசரி கேமரா என்றால் ஒரு நாளில் பல முறை திறப்போம், அணைப்போம். அதிகம் பயன்படுத்துகிறவருக்கே அதிகத் தூசி. ஜூம் லென்ஸில் குழாய் அடுக்கு அடுக்காக நீள்வதால் உள்ளே போகும் காற்றும் கூடுதல்.

லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமராவில் தூசி விழுந்தால் நாமே ரப்பர் ஊதியால் ஊதிவிடலாம். காம்பாக்ட் கேமராவில் அது நடக்காது. சென்சாருக்கும் நமக்கும் நடுவில் முழு லென்ஸும் நிற்கிறது. பழுது பார்ப்பவர் உடலைப் பிரித்து, லென்ஸ் தொகுதியைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

எனக்கு இது கேள்விப்பட்ட செய்தி அல்ல. முன்பு வைத்திருந்த ஒரு ஜூம் கேமராவில், வானம் வரும் படங்களில் எல்லாம் இடது மேல் மூலையில் சாம்பல் நிறப் பொட்டு ஒன்று விழத் தொடங்கியது. முதலில் பருந்து என்று நினைக்கத் தோன்றும் அளவுக்குச் சிறியது. பிறகு எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே பருந்து. பிரித்துத் துடைக்கக் கேட்ட தொகை, அந்தக் கேமராவைப் பழையதாக விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல். பிரித்து மாட்டிய பிறகு படத்தின் ஓரங்கள் முன்போல் கூர்மையாக இருக்கும் என்று உறுதி தரவும் ஆள் இல்லை. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியம் இல்லை. உள்ளே போய் வெளியே வரும் எல்லா லென்ஸுக்கும் இந்த ஆபத்து பொது.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயமும் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே ஆடி பிறக்கும் முன்பே காற்று எழுந்துவிடும். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டின் செம்மண் மாவைப் போல நுணுகியது. சட்டையின் தையலில் ஏறினால் துவைத்தும் போகாது. கடற்கரைப் பக்கம் வந்தால் உப்புத் திவலை. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. கேமராவின் இடுக்கில் படிந்த உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை வாங்கி வாங்கித் திருகாணிகளை அரித்துவிடும்.

எக்ஸ்100வி-யின் லென்ஸ் சுருங்குவதில்லை. அணைத்தாலும் திறந்தாலும் வெளிக்குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். குவியம் மாறும்போது முன்பக்கம் உள்ளே சிறிது நகர்கிறது. அந்த இடைவெளியையும் மூட ஒரு வளையமும் 49 மி.மீ. ஃபில்டரும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மாட்டிய பிறகுதான் தூசியையும் லேசான தூறலையும் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. இந்த விலைக்கு அந்த இரண்டையும் பெட்டியிலேயே கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. இருந்தாலும் வாங்குபவர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஃபில்டரில் படியும் உப்பை ஈரத் துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கீறல் விழுந்தால் போவது ஃபில்டர் மட்டும்தான்.

பனிமய மாதா கோவில் திருவிழா ஆகஸ்ட் 5-ம் தேதி முடியும். காற்றின் உச்சமும் அதே காலம்தான். கூட்டத்தில் புழுதி கண்ணை மறைக்கும். அங்கே கேமராவைத் திறந்து திறந்து மூடினாலும் மனம் பதறவில்லை. இதைவிடப் பெரிய வசதியை வேறெந்த அம்சமும் எனக்குத் தரவில்லை.

ரிக்கோவுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஜிஆர் 3-ல் சென்சாரை நுண்ணதிர்வால் உலுக்கித் தூசியை உதறும் ஏற்பாடு இருக்கிறது. உலர்ந்த தூசி அதில் ஓரளவு உதிரும்; ஈரத்தோடு ஒட்டியது உதிராது. அந்தக் கேமராவின் மற்ற குணங்களோ மனத்தை இழுப்பவை. பேட்டரியோடு 257 கிராம். ஒரே கையில், பார்க்காமலே எல்லாப் பொத்தானையும் இயக்கலாம். குவியத் தூரத்தை முன்கூட்டியே இரண்டு மீட்டர், இரண்டரை மீட்டர் என்று குறித்து வைத்துவிட்டு, பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் அது தேடிக்கொண்டிருக்காமல் அந்தத் தூரத்திலேயே எடுத்துவிடும். தெருப் படத்துக்கு இதைப் போன்ற வசதி வேறில்லை. 1996-ல் ஜிஆர் 1 என்ற ஃபிலிம் கேமராவோடு தொடங்கிய வரிசை இது. ஜப்பானின் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா தெருவில் ஏந்திச் சென்றது ஜிஆர் கேமராக்களைத்தான். நண்பரிடம் இரவல் வாங்கிச் சில வாரம் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. மலைப்பக்கமோ, தூசி குறைந்த ஊரிலோ இருந்தால் இதையே வாங்கியிருப்பேன்.

ரிக்கோவையோ சோனியையோ வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டைப்பையில் வெறுமனே போடாதீர்கள். பையின் நூல்பிசிறுதான் முதல் எதிரி. மெல்லிய ஜிப் உறை போதும். மணல் பறக்கும் இடத்திலிருந்து வந்தால், அணைக்கும் முன்பு நீண்டிருக்கும் குழாயைச் சுற்றி ரப்பர் ஊதியால் ஊதுங்கள். குழாயின் மேல் ஒட்டியிருப்பது, சுருங்கும்போது அப்படியே உள்ளே போகும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

பராமரிப்புக்கு அடுத்து எனக்குப் பெரிதாகத் தெரிந்தது கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். நடுப்பகலில் உப்பளத்தில் நின்று பாருங்கள். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று அம்பாரம். பின்பக்கத் திரையில் நம் முகம்தான் தெரியும். ரிக்கோவில் வியூஃபைண்டரே இல்லை. சோனியில் உண்டு, மேலே எழும்பி வரும் சிறிய மின்னணுக் கண். ஃபூஜியில் வெறும் கண்ணாடி வழியாகவும் பார்க்கலாம், நெம்புகோலைத் தட்டினால் மின்னணுத் திரையாகவும் பார்க்கலாம். கண்ணாடி வழியாகப் பார்க்கையில் சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரிகிறது. வாருகோலோடு வரும் தொழிலாளி சட்டத்துக்குள் நுழையும் முன்பே தயாராகிவிடலாம். வெள்ளை உப்பைக் கேமரா தானாக அளந்தால் சாம்பலாக்கிவிடும். மேலே உள்ள திருகு வட்டை ஒரு படி கூட்டினால் உப்பு உப்பாக வரும். இந்த வெயிலில் எஃப் 2-ல் எடுக்க ஆசைப்பட்டால், வெளிச்சத்தை நான்கு படி (படிக்குப் பாதியாக) குறைக்கும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. ரிக்கோவில் அது இரண்டு படி. சோனியின் இந்தக் கேமராவில் இல்லை.

பேட்டரியிலும் ஃபூஜிதான் முன்னே. கம்பெனிக் கணக்கில் ரிக்கோ ஏறத்தாழ 200 படம், சோனி 260, ஃபூஜி கண்ணாடி வழிப் பார்வையில் 420. ரிக்கோ வாங்கினால் இரண்டாவது பேட்டரியும் சேர்ந்ததுதான் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோனியின் சார்ஜ் துளை இன்னும் பழைய மைக்ரோ யுஎஸ்பி. மற்ற இரண்டிலும் டைப்-சி.

ஃபூஜிக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 478 கிராம், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். சட்டைப்பைக்கு ஆகாது. தோளில் தொங்கும், அல்லது துணிப்பையில் போகும். அது வேண்டாம் என்பவருக்கு நான் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. விலையும் அதிகம். அறிமுகத்தின்போது அமெரிக்காவில் ஜிஆர் 3 சுமார் 900 டாலர், எக்ஸ்100வி சுமார் 1,400. பிறகு சமூக ஊடகத்தில் புகழ் பரவி, புதியது கிடைக்காமல், பழையதே புதியதைவிட விலை ஏறிய காலமும் இருந்தது. 2024-ல் எக்ஸ்100-இன் ஆறாம் தலைமுறை வந்தது. 40 மெகாபிக்சல், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு எல்லாம் உண்டு. எடை 521 கிராம். லென்ஸ் அமைப்பு அதேதான் என்பதால் தூசி விஷயத்தில் நான் சொன்னது அதற்கும் பொருந்தும். 2025-ல் வந்த ஜிஆர் 4-லும் லென்ஸ் சுருங்கத்தான் செய்கிறது. வீடியோவில் எனக்கு அனுபவம் குறைவு. அதற்காகவே வாங்குபவர் வேறொருவரைக் கேட்பது நல்லது.

பூஞ்சையிடமிருந்து ஃபூஜியும் தப்பாது. தூசித் தடை ஈரத்தடை ஆகிவிடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான்: காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மலிவான ஈரமானி ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் கடாயில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு விருந்து. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவைக் கொஞ்ச நேரம் பையிலேயே விடுங்கள். உடனே எடுத்தால் லென்ஸில் நீர் படியும்.

பழையது வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ, லென்ஸின் துளையை முடிந்த அளவு சுருக்கி எடுங்கள். ரிக்கோவிலும் ஃபூஜியிலும் அது எஃப் 16. குவியம் தப்பியிருந்தால் இன்னும் நல்லது. படத்தைப் பெரிதாக்கி மூலைக்கு மூலை பாருங்கள். சாம்பல் பொட்டு தெரிந்தால், துளையை முழுக்கத் திறந்து மறுபடி எடுங்கள். பொட்டு கரைந்து மறைந்தால் அது சென்சார் தூசி. துளை அகலமாக இருக்கையில் ஒளி பல பக்கத்திலிருந்தும் வருவதால் துகளின் நிழல் விழாது. விற்பவர் அகலத் துளையில் எடுத்த படத்தை மட்டும் காட்டுவார் என்றால் காரணம் புரிந்துகொள்ளலாம். பிறகு கேமராவை அணைக்காமல், லென்ஸ் திறந்திருக்கும்போதே கைப்பேசி விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி இழை போலக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சுருங்கும் லென்ஸ் என்றால் நாலைந்து முறை திறந்து அணைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால், பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.