தகரக் கூரைக் கடையில் ஜன்னல் ஏர் கூலர்: ஒரு மதிப்பீடு

ஊர்ப்புறத்துச் சிறு பலசரக்குக் கடையில் ஜன்னலில் பொருத்தும் ஏர் கூலரைக் கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்ததில், அது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் சாமான் வாங்க வந்து நிற்பவருக்கும் நல்ல கருவி, ஆனால் அலமாரியில் இருக்கும் சரக்குக்கு அவ்வளவாக உகந்ததல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. மின்சாரம் மிச்சமாகும் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு உண்மைதான். ஒரு டன் ஏ.சி. ஓடும்போது 1,000 வாட் அளவுக்கு இழுக்கும். நடுத்தரக் கூலரின் மின்விசிறியும் பம்பும் சேர்ந்தாலும் 200 வாட் அளவில் நின்றுவிடும். மேலும், ஆட்கள் வந்துபோக நாள் முழுவதும் கதவு திறந்தே கிடக்கும் கடையில் ஏ.சி.யின் குளிர்ச்சி தங்குவதும் இல்லை.

கூலர் வெளிக்காற்றை, பேடு எனப்படும் நீர் ஊறிய தடித்த பட்டைகளின் வழியாக உள்ளே இழுக்கிறது. அப்போது ஆவியாகும் ஒவ்வொரு கிலோ நீரும் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை அந்தக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே குளிர்ச்சி எவ்வளவு என்பதை வெளிக்காற்றின் வறட்சியே முடிவு செய்கிறது. வெளியே 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள பிற்பகலில், நல்ல பேடு கொண்ட கூலரிலிருந்து 26 டிகிரி அளவிலான காற்று வரும். அதே கூலர், 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் 30 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். போதாததற்குப் புழுக்கமும் கூடும். அத்தகைய நாட்களில் பம்பை நிறுத்திவிட்டு வெறும் மின்விசிறியாக ஓட்டுவதே மேல்.

பல கூலர்களில் பனிக்கட்டி போடுவதற்கென்று தனி அறை வைத்து அதைப் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். இதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் 334 கிலோஜூல் மட்டுமே. ஒரு கிலோ நீர் ஆவியாவதில் கிடைப்பது அதைப்போல் ஏழு மடங்கு. கடையின் ஃபிரிட்ஜிலேயே பனிக்கட்டியை உறைய வைத்தால், அதற்கான வெப்பத்தை ஃபிரிட்ஜ் முன்னதாகவே கடைக்குள் கொட்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சரக்கைப் பொறுத்தவரை ஈரப்பதமே சிக்கல். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். காகிதப் பைகளும் மூட்டையில் உள்ள மாவும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கூலரின் வாய்க்கு நேராக இவற்றை வைக்கவே கூடாது. காற்று கல்லாவின் மீது பட்டு எதிர்ச் சுவரில் வெளியேறும்படி அமைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். வெளியேறும் வழி கூலரின் காற்றுவாயைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்க வேண்டும். கூலர் ஓடும்போது எல்லாவற்றையும் மூடிவைத்தால் ஈரம் உள்ளேயே சுழன்று, சிறிது நேரத்தில் குளிர்ச்சியும் போய்விடும்.

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கூலருக்கு முன் கூரைக்கே செலவழிக்கச் சொல்வேன். வெயிலில் காய்ந்த தகரம் மேலிருந்து அனல் வீசிக்கொண்டிருக்கும்போது எந்தக் கூலரும் தோற்றுத்தான் போகும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது சூரிய வெப்பத்தில் 80 சதவீதம் அளவுக்குத் தகட்டில் ஏறவிடாமல் தடுக்கும். தூசு படியப் படிய இந்தத் திறன் குறைவதால் கோடைக்கு முன் ஒருமுறை கழுவிவிட வேண்டும். பாட்டில் ஃபிரிட்ஜின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டவைக்காமல், வெப்பம் ஜன்னல் வழியே வெளியேறும்படி நகர்த்திவைப்பதற்குச் செலவே இல்லை.

வாங்கும்போது பெட்டியின் உயரத்தைப் பார்க்காமல் காற்றின் அளவைப் பார்க்க வேண்டும். கடையின் மொத்தக் காற்றும் மணிக்கு ஏறத்தாழ 30 முறை மாற வேண்டும் என்று கொண்டால், 60 கன மீட்டர் கடைக்கு மணிக்கு 1,800 கன மீட்டர் காற்றுத் தள்ளும் கூலர் தேவை. அந்த வேகத்தில், கடும் வறட்சியில் மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல் நீர் செலவாகும். 60 லிட்டர் தொட்டி உச்சிவெயிலுக்குள் காலியாகிவிடும் என்பதால், மிதவை வால்வோடு குழாய் இணைப்பு தரும் வகையே கடைக்கு ஏற்றது. மரச்சீவல் பேடைவிடத் தேன்கூட்டு அட்டைப் பேடு நெடுநாள் உழைக்கும். ஆனால் உப்புநீர் இரண்டையும் கெடுக்கும். நீர் ஆவியாக, உப்பு தொட்டியிலேயே தங்கிச் செறிவதால், மேலே நிரப்புவதோடு நில்லாமல் அவ்வப்போது அடைப்பைத் திறந்து முழுவதும் வடித்துவிட வேண்டும். வாரம் ஒருமுறையாவது காயவிட்டால் கொசுவும் அடையாது. உச்ச வேகத்தில் இரைச்சல் அதிகம். வாடிக்கையாளர் கேட்பது காதில் விழாததால் நான் நடுவேகத்திலேயே ஓட்டுகிறேன்.