கழுத்து ஒப்பரேசன் எண்டு அட்வான்ஸ் கேக்கிற ஏஜென்சி – யாழ்ப்பாணத்து ஆக்கள் கவனம்

உங்கட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆரும் "கழுத்தெலும்பும் தேஞ்சு போச்சு, மூளைக்கு ரத்தம் போற குழாயும் அடைச்சுப் போச்சு, ரெண்டையும் இந்தியாவில ஒரே தடவையில செய்து தாறம்" எண்டு சொன்னா, காசை எடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. நீளமாத்தான் இருக்கும். பேர் போடேல்ல, ஏனெண்டா பொலிசில முறைப்பாடு போய்க்கொண்டிருக்கு, அதோட அவையள் போர்டையே மாத்திப்போட்டினம், பழைய பேரைப் போட்டும் பிரயோசனம் இல்லை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது. பிரசர் இருக்கு, கொஞ்சம் சீனி. போன மாரிக்குள்ள தலைச்சுத்து தொடங்கினது. சும்மா கிறுதி இல்லை, கட்டிலில வலப்பக்கம் புரண்டாக் காணும் வீடே சுத்தும் எண்டுவா, சத்தி வரும், ஒரு நிமிசம் கூட இல்லை, பேந்து நிண்டிடும். மேல்தட்டில தூள் போத்தல் எடுக்க அண்ணாந்தாலும் அதே கதை. இரவில வலக்கை விரலுகள் விறைச்சு எழும்பி இருந்து கையை உதறுவா. பிடரி நோ எண்டது வருசக்கணக்கா இருக்கிறது, காலம் முழுக்கத் தையல் மெசினில குனிஞ்சு இருந்த ஆள் எல்லே.

அந்த நேரம் பாத்து எங்கட பக்கத்தில ஒரு கலியாண மண்டபத்தில இலவச முகாம் எண்டு நோட்டீஸ். இந்தியாவில இருந்து பெரிய டொக்டர் வாறாராம், முதுகெலும்பு, மூளை, இரத்தக்குழாய் எல்லாம் பாப்பாராம். போனனாங்கள். பிரசர் பாத்திச்சினம், சீனி குத்திப் பாத்திச்சினம், ரீயும் பிஸ்கட்டும் கூட குடுத்திச்சினம். டொக்டர் எண்டு இருந்தவர் அம்மாவோட கதைச்சது ரெண்டு நிமிசம் வருமோ தெரியாது, கையைத் தூக்கப் பண்ணேல்ல, நடக்கப் பண்ணேல்ல, முழங்கால்ல சுத்தியலால தட்டக்கூட இல்லை. ஆனா பக்கத்து மேசையில இருந்த ஏஜென்சிக்காரர் வடிவா நேரம் எடுத்துக் கதைச்சார். அவர் முதல் கேட்ட கேள்வி "எங்க நோகுது அம்மா" இல்லை. "வெளிநாட்டில பிள்ளையள் இருக்கினமோ?" அண்ணா கனடா எண்டு அம்மா பெருமையாச் சொல்ல அந்தாள் கொப்பியில எழுதினதை நான் பாத்தனான்.

பிறகு அவையள் சொன்ன இடத்திலதான் எம்.ஆர்.ஐயும், கழுத்துக்கு டொப்ளர் ஸ்கானும் எடுக்கோணும் எண்டிச்சினம், எடுத்தம். ரெண்டு ரிப்போட்டும் முதல்ல எங்களிட்ட வரேல்ல, நேரா அவையின்ர ஒபிசுக்குப் போச்சு. எங்களைக் கூப்பிட்டு மேசையில விரிச்சு வைச்சு சிவப்புப் பேனையால வட்டம் போட்டுக் காட்டினார். எம்.ஆர்.ஐயில "சி5-சி6 டிஸ்க் பல்ஜ்", அதாவது கழுத்தெலும்புக்கு இடையில இருக்கிற சவ்வு பிதுங்கினது, எண்ட இடத்தில ஒரு வட்டம். டொப்ளரில "50%" எண்ட இடத்தில ஒரு வட்டம். "தங்கச்சி, அம்மான்ர கழுத்துக் குழாய் அரைவாசி அடைச்சிட்டுது, அதுதான் தலைச்சுத்து, இந்த டிஸ்க் நரம்பை நெரிக்குது, அதுதான் கை விறைப்பு, இண்டைக்கோ நாளைக்கோ பாரிசவாதம் வரும், வந்தா நான் பொறுப்பில்லை." ஒரு பேப்பரில குழாய் கீறி நடுவில கறுப்பா நிரப்பி வேற காட்டினார். அம்மா அதிலயே அழத் தொடங்கிட்டா.

பக்கேஜ் 26 லட்சம். ஒரே வெட்டில ரெண்டு ஒப்பரேசனும், பலாலியில இருந்து சென்னை போக வர ரிக்கெட், ஒரு ஆள் கூட நிக்க அறை. அட்வான்ஸ் 3 லட்சம் உடன கட்டோணும், இல்லாட்டி திகதி போயிடுமாம். அண்ணா இரவோட இரவா அனுப்பினவர். என்ர மனுசன் கொண்டுபோய் காசாக் குடுத்தார். துண்டு தந்தினம், அதில "சேவைக் கட்டணம்" எண்டு மட்டும் கையால எழுதிக் கிடக்கு, ஆஸ்பத்திரிப் பேரும் இல்லை, எதுக்கு எண்டும் இல்லை. அதோட கழுத்தை ஆட்டினா நரம்பு அறுந்திடும் எண்டு சொல்லி ஒரு இறுக்கமான கொலரையும் கனத்த விலைக்கு வித்தினம். அம்மா அதை நித்திரையிலயும் கழட்டேல்ல, கடைசியில கழுத்து மரக்கட்டை மாதிரி இறுகி முந்தி இல்லாத நோவெல்லாம் வந்ததுதான் மிச்சம்.

இவரின்ர சிநேகிதப் பெடியன் ஒராள் பெரியாஸ்பத்திரியில நேர்சா இருக்கிறார். பாஸ்போட் வேலைக்கு ஓடித்திரியேக்க கண்டவர், "ரிப்போட்டைக் காட்டுங்கோ அண்ணை" எண்டு வாங்கிப் பாத்திட்டு சொன்ன வசனம், "இதில லெஸ் தான் ஃபிப்டி எண்டெல்லே கிடக்கு". 50 வீதத்துக்குக் குறைவு. அந்த "லெஸ் தான்" ரெண்டு சொல்லும் வட்டத்துக்கு வெளியில. நான் நாசமாப்போவான் எண்டு திட்டினது அப்பதான்.

அவர் சொல்லித்தான் கிளினிக்குக்குக் கொண்டு போனம். காலமை வெள்ளனப் போய் நம்பர் எடுத்து மத்தியானம் மட்டும் வாங்கில குந்தியிருந்ததுதான், அதை மறைக்கேல்ல, ஆனா அங்க பாத்த டொக்டர் அம்மாவைத் தொட்டுப் பாத்தவர். விரல் நுனியைச் சுண்டிப் பாத்தார், கால்ல தட்டிப் பாத்தார், குதியும் விரலும் ஒட்ட ஒட்ட நேர்கோட்டில நடக்கச் சொன்னார், சட்டைப் பின் பூட்டிக் கழட்டச் சொன்னார். அதுக்குப் பிறகுதான் படத்தை வெளிச்சத்தில வைச்சுப் பாத்தவர். முண்ணாண் நரம்பு, அதாவது எலும்புக்குள்ளால இறங்குற பெரிய நரம்பு, அது நெரிபடேல்ல, படத்திலயும் அதின்ர நிறம் நல்லா இருக்கு, ஆளிலயும் ஒரு அறிகுறியும் இல்லை எண்டார். இந்த வயசில எம்.ஆர்.ஐ எடுத்தா நோவே இல்லாத ஆக்களிலயும் கனபேருக்கு டிஸ்க் வெளியில தள்ளினதாத்தான் வருமாம். டிஸ்க் பிதுங்கி பக்கத்து நரம்பை நெரிச்சு கை உளைஞ்சாலும், முக்கால்வாசிப் பேருக்கு மருந்தோடயும் பிசியோவோடயும் சில கிழமை சில மாதத்தில அடங்குமாம், பலம் குறைஞ்சுகொண்டு போனாலோ நோ தாங்கேலாமக் கிடந்தாலோதான் கத்தி.

குழாய் விசயத்தையும் அவர்தான் விளங்கப்படுத்தினார். டொப்ளரில ரத்தம் எவ்வளவு வேகமாப் பாயுது எண்டுதான் அளக்கிறது, குழாய் ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும். செக்கனுக்கு 125 சென்ரிமீற்றருக்குக் கீழ எண்டா 50 வீதத்துக்குக் குறைவான அடைப்பு, 230 தாண்டினாத்தான் 70 வீதத்துக்கு மேல எண்டு எடுக்கிறது. அம்மான்ர ரிப்போட்டில 96. அது முதல் பக்கத்திலயே கிடந்தது, அதுக்கு ஆரும் வட்டம் போடேல்ல.

நான் விடாமல் கேட்டன், அப்ப ஆருக்குத்தான் அந்த ஒப்பரேசன் செய்யிறது எண்டு. குழாயை வெட்டித் திறந்து உள்ளுக்க படிஞ்ச கொழுப்பை வழிச்சு எடுக்கிறது அது, 1950களில இருந்து செய்யினம், நல்ல ஒப்பரேசன்தான், ஆனா ஆள் பாத்துச் செய்யோணும். கனடா, அமெரிக்கா சேர்ந்து செய்து 1991 ல முடிவு வெளிவந்த பெரிய ஆய்வொண்டு இருக்கு, அதை நடத்தினது கனடாவில லண்டன் எண்ட ஊர்ல இருந்த பேர்னெட் எண்ட டொக்டர். (அண்ணா இதைக் கேட்டிட்டு "எனக்குப் பக்கத்து ஊர்க்காரன் அப்பவே சொல்லிவைச்சது தெரியாமல் நான் யாழ்ப்பாணத்தில 3 லட்சம் குடுத்திருக்கிறன்" எண்டார்.) ஏற்கெனவே சின்னப் பாரிசவாதமோ, வந்து மாறின அறிகுறியோ இருந்து, அடைப்பும் 70 வீதத்துக்கு மேல இருந்த ஆக்களில, மருந்து மட்டும் எடுத்த ஆக்களுக்கு 2 வருசத்தில 26 வீதம் பேருக்கு அந்தப் பக்கத்துப் பாரிசவாதம் வந்தது, ஒப்பரேசன் செய்த ஆக்களுக்கு 9 வீதம். பெரிய வித்தியாசம். 50க்குக் குறைஞ்ச ஆக்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. முழுசா 100 வீதம் அடைச்ச குழாயையும் சாதாரணமாத் திறக்கிறேல்லை. ஒப்பரேசன் செய்யேக்கயே சிலருக்கு பாரிசவாதம் வரலாம், அதாலதான் தேவையில்லாத ஆளுக்குச் செய்தா நட்டம் மட்டும்தான். அம்மாவுக்குத் தந்தது கொழுப்புக் குளிசையும் பிரசரை வடிவா வைச்சிருக்கச் சொன்னதும். அவ்வளவுதான்.

"ஒரே வெட்டில ரெண்டும்" எண்டதைச் சொல்ல அந்த டொக்டர் பேனையைக் கீழ வைச்சிட்டார். முன்பக்கத்தால கழுத்தெலும்பு ஒப்பரேசன் செய்யேக்க அந்தக் குழாயை ஒரு பக்கமும் மூச்சுக்குழாயையும் சாப்பாட்டுக்குழாயையும் மற்றப் பக்கமும் விலத்தித்தான் உள்ளுக்க போறது, அது உண்மை. ஆனா குழாய் ஒப்பரேசனுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் குடுப்பினம், எலும்பு ஒப்பரேசனில ரத்தம் கசிஞ்சு கட்டினா முண்ணாணையும் நெரிக்கும் மூச்சையும் அடைக்கும். ரெண்டையும் கடைக்குப் போற வழியில மரக்கறியும் வாங்கிறது மாதிரிச் செய்யிற வேலை இல்லை.

அப்ப தலைச்சுத்து? அதுக்கு ஈ.என்.ரி கிளினிக். அம்மாவை இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, கழுத்து நோ எண்டபடியா தாங்கிப் பிடிச்சுக்கொண்டு மெதுவாப் பின்னால சாய்ச்சார், நான் பாத்துக்கொண்டு நிக்கேக்கயே கண்முழி ரெண்டும் துடிச்சுச் சுழண்டுது, அம்மா கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு "ஐயோ பிள்ளை" எண்டு கத்தினா. காதுக்குள்ள இருக்கிற பொடிக் கல் இடம் மாறி சமநிலைக் குழாய்க்குள்ள விழுந்து கிடக்காம். தலையை அப்பிடியே ஒரு பக்கத்தால மற்றப் பக்கம் திருப்பி, சரிச்சு, எழுப்பி இருத்தினார். 1992 ல எப்லி எண்ட அமெரிக்க டொக்டர் எழுதின முறையாம். கத்தியும் இல்லை, மருந்தும் இல்லை. பேந்து ஒருக்கா திரும்பச் செய்யவேண்டி வந்தது, அதோட அம்மா வலப்பக்கம் புரண்டு படுக்கிறா. கை விறைப்பு மணிக்கட்டில நரம்பு நெரிபடுறதாம், நரம்புச் சோதனை செய்து சொல்லிச்சினம், இரவில மணிக்கட்டுக்கு ஒரு பட்டி கட்டிப் படுக்கிறா, முக்கால்வாசி குறைஞ்சிட்டுது. பிடரி நோ இன்னும் இருக்கு, மழைக்குக் கூடும், அதுக்கு ஒண்டும் செய்யேலாது, பிசியோவில காட்டின பயிற்சி செய்தாக் கொஞ்சம் குறையும், அவ செய்யமாட்டா.

இனி காசு. ஏஜென்சிக்குப் போய் வேண்டாம் எண்டு சொல்ல, அது பதிவுக் கட்டணம் திருப்பித் தரேலாது எண்டார். நான் அவையள் சொன்ன சென்னை ஆஸ்பத்திரிக்கு நேரா ஃபோன் எடுத்தன், வெளிநாட்டு நோயாளரைப் பாக்கிற பிரிவு எண்டு இருக்கு, நல்லாக் கதைச்சினம். அம்மான்ர பேரில திகதியே போடேல்லையாம், அட்வான்சும் வரேல்லையாம், ஆஸ்பத்திரிக் காசெண்டா ஆஸ்பத்திரி வங்கிக் கணக்குக்குத்தான் வருமாம். அங்கத்தைய டொக்டர் ஏஜென்சிக்கு எழுதின கடிதத்தை எனக்கு முழுசா அனுப்பிச்சினம். ஏஜென்சி வட்ஸ்அப்பில அனுப்பினது மேல்பாதி மட்டும், வெட்டினது. கீழ்பாதியில "ஆளை நேரில பாக்காமல் ஒப்பரேசன் தேவையெண்டு சொல்லேலாது" எண்டு தெளிவா எழுதிக் கிடக்கு. எனக்கு அந்த டொக்டரில கோவமே இல்லை, அவர் நேர்மையாத்தான் எழுதியிருக்கிறார்.

ஒண்டு சொல்லோணும், இதை வாசிச்சிட்டு கழுத்து ஒப்பரேசன் எல்லாம் ஏமாத்து எண்டு ஆரும் இருந்திடாதேங்கோ. சுன்னாகத்தில எங்களுக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒராளுக்கு எழுத்து கோணத் தொடங்கி, பொத்தான் பூட்ட ஏலாமல், நடக்கேக்க தடக்குப்பட்டு, அவர் அதுக்கு எண்ணெய் போட்டு உருவிக்கொண்டே இருந்தவர். அதுதான் முண்ணாண் நெரிபடுற வருத்தம். பிந்தித்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் செய்தது, காசு ஒரு சதம் இல்லை, வருத்தம் அதோட நிண்டது, ஆனா போன கைப்பலம் முழுசாத் திரும்பேல்ல. கை தடுமாற்றம், நடை தள்ளாட்டம், சலம் அடக்கேலாமல் போறது, இதில ஒண்டு இருந்தா உருவுறதையும் முறிக்கிறதையும் விட்டிட்டு உடன காட்டுங்கோ. அதே மாதிரி ஒரு கண்ணில திரை இறங்கினது போல இருண்டு கொஞ்ச நேரத்தில மாறினாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, மாறிட்டுது தானே எண்டு இருக்காமல் 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். அப்பிடி வந்த ஆளுக்குக் குழாய் அடைப்பு உண்மையா இருந்தா ஒப்பரேசன் 2 கிழமைக்குள்ள செய்தாத்தான் கூட நன்மை, அங்க அவசரப்படுறது சரி. படுக்கையில புரளேக்க மட்டும் வாற சுத்துக்கு 26 லட்சத்தோட அவசரப்படுத்தினா அதுதான் சந்தேகப்படவேண்டிய இடம்.

ரிப்போட்டும் சீடியும் உங்கட கையில இருக்கோணும், அது உங்கட சொத்து. வெளிநாட்டு டொக்டர் எண்டாலும் இஞ்ச வந்து ஆக்களைப் பாக்கிறதெண்டா இலங்கை மருத்துவ சபையில தற்காலிகப் பதிவு வேணும், முகாமில அதைக் கேளுங்கோ, கேட்டா என்ன முகம் காட்டினம் எண்டு பாருங்கோ.

பொலிசில குடுத்த பிறகு 1 லட்சம் திருப்பித் தந்திருக்கினம், மிச்சம் "அடுத்த மாதம்" எண்டபடி கிடக்கு. நுகர்வோர் அதிகார சபைக்கும், 1977 இலக்கம், எடுத்துச் சொல்லிப் பதிஞ்சிருக்கிறம். இப்ப புதுப் போர்டோட வேற சந்தியில கந்தோர் திறந்திருக்கினம், முகாம் நோட்டீசும் அதே எழுத்து, அதே படம். அந்தக் கலியாண மண்டப முகாமுக்குப் போய் காசு கட்டின ஆக்கள் இருந்தா அந்தத் துண்டையும் வட்ஸ்அப் மெசேச்சையும் அழிக்காமல் வைச்சு எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கோ, கனபேர் சேந்து போனா பொலிசிலயும் வேற மாதிரித்தான் பாப்பினம்.